வேதாகமத் தலைவர்களின் தன்னலமும் தியாகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஏற்பாட்டைக் கதையாக வாசிக்கும் சின்னக் கூட்டம் ஒன்றில் சில வருடங்களாக இருக்கிறேன். விசுவாசிகளும் வருவார்கள், கதைக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு. எந்தப் பகுதியைப் படித்தாலும் பேச்சு கடைசியில் தலைவர்களிடம்தான் போய் நிற்கிறது: இந்த ஆள் மக்களுக்காகச் செய்தாரா, தனக்காகச் செய்தாரா? அப்படி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மேற்கோள்களை 1871-இல் வெளியான பழைய திருப்புதலிலிருந்து எடுத்திருக்கிறேன். அந்த நடை எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

வேதாகமத்தைப் போய்க் கதையாகப் படிக்கலாமா? அதில் வருகிறவர்களைக் கதாநாயகர்கள் என்று சொல்லலாமா?

படிக்கலாம். ஒரு சொல்லைக் கதைசொல்லி ஏன் இங்கே வைத்தார், ஏன் அங்கே வைக்கவில்லை என்று பார்ப்பதால் யாருடைய பக்தியும் குறைந்துவிடாது.

நாயகன் என்றால் யார் என்பதில்தான் கொஞ்சம் தகராறு வரும். பெருங்காப்பியத்துக்குத் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ வேண்டும் என்று தண்டியலங்காரம் சொல்கிறது. அந்த எதிர்பார்ப்போடு உள்ளே போனால் ஆதியாகமத்திலேயே கால் இடறும். சோதோம் அழியக்கூடாது என்று ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுகிறார். ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் இறக்குகிறார். அங்கே இருக்கிறவர்களில் பாதிப்பேர் யாரென்றே அவருக்குத் தெரியாது. அது 18-ஆம் அதிகாரம். 12-ஆம் அதிகாரத்தில் இதே மனிதர் தன் உயிருக்குப் பயந்து, மனைவியைச் சகோதரி என்று சொல்லிப் பார்வோன் வீட்டுக்குப் போக விட்டவர். சரி, அது அந்தக் காலத்துப் பலவீனம் என்று விட்டுவிடலாமா என்றால், 20-ஆம் அதிகாரத்தில் கேராரின் ராஜாவிடம் அதையே மறுபடியும் செய்கிறார். ஊருக்காக வாதாடியவர் சொந்த மனைவிக்காக வாய் திறக்கவில்லை. கதைசொல்லி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஒருவர் சுயநலக்காரரா இல்லையா என்று கதைசொல்லி எங்கே சொல்கிறார்?

அநேகமாகச் சொல்வதே இல்லை. பாத்திரத்தின் மனதுக்குள் நுழைந்து விளக்கும் பழக்கம் இந்தக் கதைகளில் குறைவு. நான் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டு படிப்பேன்: ஒன்று ‘எடு’, இன்னொன்று ‘பதிலாக’.

எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்கும்போது (1 சாமுவேல் 8), அதுவரை அவர்களை நடத்திவந்த தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரிக்கிறார். ராஜா உங்கள் மகன்களை எடுப்பான், மகள்களை எடுப்பான், வயலை எடுப்பான், தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒன்றை எடுப்பான் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பிறகு ஓய்வு பெறும்போது, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று சபைக்கு முன்னால் கேட்கிறார். எண்ணாகமம் 16-இல் மோசேயும் இதைத்தான் சொல்கிறார்: ‘நான் அவர்களில் ஒருவனுடைய கழுதையை முதலாய் எடுத்துக்கொள்ளவில்லை.’ கழுதை அன்றைக்கு வண்டி, வாகனம், மூலதனம் எல்லாம்.

சாமுவேலின் கதையில் ஒரு முள்ளும் உண்டு. ஜனங்கள் ராஜாவைக் கேட்டதற்கே காரணம் அவருடைய மகன்கள்தான். அவர்களை நியாயாதிபதிகளாக வைத்தவர் அவரே. அவர்கள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள்.

மோசே அப்பழுக்கற்றவர்தானே?

மோசே மலைமேல் இருக்கும்போது ஜனங்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிட்ட சம்பவத்தைப் படியுங்கள், யாத்திராகமம் 32. கடவுள் கோபத்தில் ஒரு வாய்ப்பைத் தருகிறார்: என்னை விடு, இவர்களை அழித்துவிட்டு உன்னைப் பெரிய ஜாதியாக்குகிறேன். மோசே இரண்டாவது ஆபிரகாம் ஆகியிருக்கலாம். அந்த வாய்ப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எகிப்தியர் என்ன சொல்வார்கள், ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று வேறு பக்கம் வாதாடுகிறார். மறுநாள் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மன்னித்தால் மன்னியும், ‘இல்லாவிட்டால் நீர் எழுதின உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும்.’ ‘கிறுக்கிப்போடும்’ என்ற அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்த தலைமுறை மொழிபெயர்ப்புகள் அதை நாகரிகமாக்கிவிட்டன.

ஆனால் இந்த இரண்டு மன்றாட்டுகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? மலையிலிருந்து இறங்கி, கற்பலகைகளை உடைத்து, தன் கோத்திரத்தாரான லேவியரைப் பட்டயத்தோடு பாளயத்துக்குள் அனுப்புகிறார். ஏறக்குறைய 3,000 பேர் சாகிறார்கள். மலைமேல் அவர்கள் உயிருக்காகக் கெஞ்சியவர் கீழே வந்து அவர்களில் சிலருடைய உயிரைக் கேட்கிறார். கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் இதைப் பற்றிச் சண்டை வரும். நான் சமாதானம் சொல்ல முயல்வதில்லை.

மோசே சலித்தும் போவார். எண்ணாகமம் 11-இல், ‘இவர்களைப் பெற்றது நானோ?’ என்று கடவுளிடமே சீறுகிறார். இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். அதே அதிகாரத்தில் எல்தாத், மேதாத் என்ற இருவர் அனுமதியில்லாமல் தீர்க்கதரிசனம் சொல்ல, மோசேயின் உதவியாளர் யோசுவா பதறிப்போய்த் தடுக்கச் சொல்கிறார். மோசே சிரிக்காத குறையாக, எனக்காக நீ ஏன் வைராக்கியம் காட்டுகிறாய், ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசனம் சொன்னால் நல்லதுதானே என்கிறார். தன் இடத்தைப் பங்குபோட இவ்வளவு சந்தோஷப்படும் தலைவரை வேறு எங்கும் பார்ப்பது கஷ்டம். சலித்துப்போன ஆள்தான் இதைச் சொல்லவும் முடியும் என்று எனக்குத் தோன்றும்.

கல்லை அடித்ததற்காகவா மோசேக்கு, வாக்களிக்கப்பட்ட கானான் தேசம் மறுக்கப்பட்டது? அநியாயம் இல்லையா?

எண்ணாகமம் 20. ஜனங்களுக்குத் தண்ணீர் வரக் கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கட்டளை. மோசே கோலால் இரண்டு தரம் அடிக்கிறார். ஆனால் அடிப்பதற்கு முன் ஜனங்களைப் பார்த்து என்ன சொன்னார் என்று கவனியுங்கள்: கலகக்காரரே, உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ?

எபிரெயத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். ‘நாங்கள்’ என்று போட்டதும் மோசேயும் அண்ணன் ஆரோனும் ஒரு பக்கம், ஜனங்கள் இன்னொரு பக்கம் என்று கோடு விழுந்துவிடுகிறது. தண்ணீர் தருகிறவர் யார் என்ற கேள்விக்கு அந்த ஒரு நொடியில் ‘நாங்கள்’ என்று பதில் வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு ஒரு வார்த்தை. தண்டனை பெரிதுதான், நான் மறுக்கவில்லை.

உபாகமத்தில் மோசே இந்தக் கதையைத் தானே திருப்பிச் சொல்லும்போது, உங்கள் நிமித்தம்தான் கர்த்தர் என்மேல் கோபமானார் என்கிறார். அக்கரையைப் பார்க்கவிடும் என்று கெஞ்சியதையும், ‘போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்’ என்று பதில் வந்ததையும் மறைக்காமல் சொல்கிறார். தனக்காக ஒன்று கேட்கிறார், கிடைக்கவில்லை.

அவருடைய மகன்கள் கெர்சோம், எலியேசர் இருவருக்கும் பதவி இல்லை. வாரிசாக வந்தது எப்பிராயீம் கோத்திரத்து யோசுவா. மோசேயின் கல்லறை எங்கே என்றும் யாருக்கும் தெரியாது.

பதவி வேண்டாம் என்று சொன்னவர் தன்னலமற்றவர்தானே?

கிதியோனைப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். 300 பேரோடு மீதியானியரைத் துரத்தியவர். நீரும் உம் மகனும் எங்களை ஆளவேண்டும் என்று ஜனங்கள் வருகிறார்கள். நான் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவார் என்கிறார். எவ்வளவு அழகான பதில்! அடுத்த வசனத்திலேயே, ஆனால் ஒன்று கேட்கிறேன், கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களைக் கொடுங்கள் என்கிறார். 1,700 சேக்கல் பொன் சேர்கிறது. அதில் ஒரு ஏபோத்தை, அதாவது ஆசாரியர் அணியும் மேலங்கியை, செய்து தன் ஊரில் வைக்கிறார். பிறகு நிறைய மனைவிகள், எழுபது பிள்ளைகள், ஒரு மகனுக்கு அபிமெலேக்கு என்று பெயர். ‘என் தகப்பன் ராஜா’ என்று அதற்குப் பொருள். பட்டம் வேண்டாம் என்றவர் பட்டத்தோடு வரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

இதற்கும் முன்னால் ஒரு இடம் இருக்கிறது. பிடிபட்ட மீதியானிய ராஜாக்கள் இருவரிடம், தாபோரில் நீங்கள் கொன்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்கிறார். உம்மைப்போலவே இருந்தார்கள் என்று பதில். அவர்கள் என் தாய் பெற்ற என் சகோதரர் என்கிறார் கிதியோன். இவ்வளவு நேரம் தேசத்துக்கான போர் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்த நமக்கு, வீட்டுப் பழி ஒன்றும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. கதைசொல்லி அதைக் கடைசி வரை கையில் மறைத்து வைத்திருந்தார்.

அந்த அபிமெலேக்கு தன் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் கொன்று ராஜாவாகிறான். தப்பிய யோதாம் கெரிசீம் மலையில் நின்று சொல்லும் கதை, மரங்கள் ராஜாவைத் தேடிய கதை. ஒலிவமரம், அத்திமரம், திராட்சைச்செடி மூன்றும் எங்களுக்கு வேலை இருக்கிறது என்று மறுத்துவிடுகின்றன. முட்செடி ஒத்துக்கொண்டு, என் நிழலில் வந்து அடையுங்கள் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்?

முதல் ராஜா சவுல் ஆரம்பத்திலிருந்தே கெட்டவரா?

இல்லை. அதுதான் வருத்தம். ராஜாவாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நாளில் தளவாடங்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டவர். முதல் வெற்றிக்குப் பிறகு, உம்மை எதிர்த்தவர்களைக் கொல்வோம் என்று ஜனங்கள் துடிக்கும்போது, இன்றைக்கு ஒருவரையும் கொல்லக்கூடாது என்று தடுத்தவர். தாவீதின் கதையில்கூட இவ்வளவு சுத்தமான ஒரு நாள் இருக்கிறதா என்பது சந்தேகம்.

15-ஆம் அதிகாரத்தில் அவர் தனக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டியதாகச் செய்தி வருகிறது. கீழ்ப்படியாமல் போனதற்காகச் சாமுவேல் கண்டிக்கும்போது பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறார், ஆனால் ஜனத்தின் மூப்பருக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறார். ராஜ்யம் கைவிட்டுப் போவது அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஊர் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். அடுத்து ‘சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்’ என்று பெண்கள் பாடுகிறார்கள். அந்தக் கணக்கு அவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் நோப் என்ற ஊரில் 85 ஆசாரியரின் கொலை வரைக்கும் அது இழுத்துக்கொண்டு போனது.

யோனத்தான் ஏன் நாயகன் ஆகவில்லை?

சவுலின் மகன், பட்டத்து இளவரசன். தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறார். பிறகு, நீர் ராஜாவாவீர், நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன் என்கிறார். நமக்குப் பரதன் ஞாபகம் வரும். ஆனால் பரதன் அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தான், யோனத்தான் எதிரி என்று தகப்பன் முத்திரை குத்தியவனுக்காக விட்டுக்கொடுத்தார். அதே சமயம் தகப்பனையும் விடவில்லை. தன்மேலேயே ஈட்டியை எறிந்த சவுலுக்குப் பக்கத்தில் நின்று கில்போவா மலைப் போரில் சாகிறார்.

அவர் மாறுவதில்லை. அதனால்தான் கதை அவரைச் சுற்றி வளரவில்லை என்று நினைக்கிறேன். யோனத்தான் தாவீதை நேசித்தார், சவுலின் மகள் மீகாள் நேசித்தாள், சவுலே முதலில் நேசித்தார், இஸ்ரவேலும் யூதாவும் நேசித்தன என்று அந்த அதிகாரங்களில் வருகிறது. தாவீது யாரை நேசித்தார் என்று கதைசொல்லி தன் வாயால் சொல்லவில்லை. யோனத்தான் செத்த பிறகு வரும் புலம்பலிலும் ‘உன் சிநேகம்’ என்றுதான் பாடுகிறார், ‘என் சிநேகம்’ என்றல்ல.

தாவீதை எந்தப் பக்கம் வைப்பது?

அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தைகளைப் பாருங்கள், 1 சாமுவேல் 17:26. இந்தப் பெலிஸ்தனை (கோலியாத்தை) கொன்று இஸ்ரவேலின் நிந்தையை நீக்குகிறவனுக்கு என்ன செய்யப்படும் என்று கேட்கிறார். எனக்கு என்ன கிடைக்கும் என்பதும், தேசத்தின் நிந்தை போகவேண்டும் என்பதும் ஒரே வாக்கியத்தில். அதே மூச்சில், ஜீவனுள்ள தேவனுடைய சேனைகளை நிந்திக்க இவன் யார் என்றும் கொதிக்கிறார். எது உண்மை? இரண்டும். மூத்த அண்ணன் எலியாப் முதல் பாதியை மட்டும் கேட்டுத் திட்டுகிறான். சண்டே ஸ்கூலில் நமக்கு இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

2 சாமுவேல் 23-இல் இன்னொரு காட்சி. பெத்லகேம் வாசல் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று தாவீது ஏங்குகிறார். மூன்று வீரர்கள் பெலிஸ்தரின் பாளயத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் கொண்டுவருகிறார்கள். அவர் குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் போன மனிதரின் இரத்தத்தைக் குடிப்பேனோ என்று தரையில் ஊற்றிவிடுகிறார். கொண்டுவந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருத்தர் கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த அதிகாரத்தை அதோடு மூடிவிடாதீர்கள். தாவீதின் வீரர்களுடைய பெயர்ப்பட்டியல் தொடர்கிறது. கடைசிப் பெயர் ஏத்தியனான உரியா.

வீரர்களின் இரத்தத்தைக் குடிக்கமாட்டேன் என்றவர் எந்த வீரனின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகக்கொடுத்தாரோ, அவனுடைய பெயர். 11-ஆம் அதிகாரத்தில் ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் தாவீது எருசலேமில் தங்கிவிடுகிறார். உரியாவோ, உடன்படிக்கைப் பெட்டியும் படையும் கூடாரத்தில் இருக்கும்போது நான் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அரண்மனை வாசலிலேயே படுக்கிறான். அந்நியன் ஒருவன் ராஜா இருக்கவேண்டிய மாதிரி இருக்கிறான். அவனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார் தாவீது.

உரியாவின் மனைவி பத்சேபாள்மேலும் தப்பு இருக்கிறதல்லவா?

தாவீதைக் கண்டிக்கத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன கதையில் ஐசுவரியவான் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்தான். ஆட்டுக்குட்டி என்ன தப்பு செய்தது?

நாளாகமத்தில் இந்தக் கதையே இல்லையே?

இல்லை. தாவீது எருசலேமில் இருந்தார் என்ற வரி மட்டும் இருக்கிறது, உரியாவின் விவகாரம் வெட்டப்பட்டிருக்கிறது. ஆலயத்துக்கு ஏற்பாடு செய்த ராஜாதான் அந்த ஆசிரியருக்கு வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த தலைவர் யார்?

யூதா. ஆதியாகமம் 37-இல், தம்பி யோசேப்பைக் கொல்வதால் நமக்கு லாபம் என்ன என்று கேட்டு 20 வெள்ளிக்காசுக்கு விற்க யோசனை சொன்னவர். அப்புறம் தன் மகன்கள் இருவரைப் பறிகொடுத்து, மூன்றாவது மகனையும் இழப்போமோ என்று பயந்து, அவனைக் கட்டிவைப்பேன் என்று மருமகள் தாமாரை ஏமாற்றியவர். அவள் அகப்படுத்தியபோது, ‘என்னிலும் அவள் நீதியுள்ளவள்’ என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்டார்.

44-ஆம் அதிகாரத்தில், எகிப்தின் அதிபதி யோசேப்புதான் என்று தெரியாமல் அவனிடம் கடைசித் தம்பி பென்யமீனுக்காக மன்றாடுகிறார். அந்தப் பேச்சில் தகப்பன் சொன்னதை மேற்கோள் காட்டுகிறார்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். பேசுகிற யூதா லேயாளின் மகன். யாக்கோபுக்கு ராகேல் மட்டும்தான் மனைவி, அவள் பிள்ளைகள் மட்டும்தான் பிள்ளைகள் என்ற அந்த ஓரவஞ்சனைக்காகத்தான் முன்பு யோசேப்பை விற்றார்கள். இப்போது அதே வாக்கியத்தை முகம் சுளிக்காமல் சொல்லி, அந்தக் கிழவர் சாகக்கூடாது, இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறார். பிள்ளையை இழப்பது எப்படி இருக்கும் என்று இதற்குள் அவருக்குத் தெரியும். இதைக் கேட்டுத்தான் யோசேப்பு உடைந்து அழுகிறான்.

எஸ்தரை ஏன் யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை?

சேர்க்கவேண்டும். பெர்சிய ராஜாவின் மனைவி அவள். அவளுடைய ஜனமான யூதரை அழிக்கக் கட்டளை பிறந்துவிட்டது, ராஜாவிடம் அவள்தான் போய்ப் பேசவேண்டும். ராஜா அழைக்காமல் உள்ளே போனால் சாவு, அவளையோ முப்பது நாளாக அழைக்கவில்லை. முதலில் தயங்குகிறாள். அவளை வளர்த்த மொர்தெகாய் அவளிடம் தியாகம் பேசவில்லை, அரண்மனையில் இருப்பதால் நீ மட்டும் தப்புவாய் என்று நினைக்காதே என்கிறார். அவளுடைய உயிர்ப்பயத்தைத் தொட்டுத்தான் பேச்சு தொடங்குகிறது, ‘நான் செத்தாலும் சாகிறேன்’ என்பதில் முடிகிறது.

அரசியல்வாதிகளுக்கு யாரை உதாரணம் காட்டலாம்?

நெகேமியாவைக் காட்டுவார்கள். 12 வருடம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை, 150 பேருக்குத் தன் பந்தியில் சாப்பாடு, தினமும் ஒரு காளையும் ஆறு ஆடும். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? அவரே எழுதி வைத்திருக்கிறார். முடிவில், இந்த ஜனத்துக்காக நான் செய்ததையெல்லாம் எனக்கு நன்மையாக நினைத்தருளும் என்று கடவுளிடம் கணக்கையும் நீட்டுகிறார். நல்ல மனிதர்தான், எனக்குச் சிரிப்பும் வரும்.

எசேக்கியா ராஜாவையும் காட்டுவார்கள். 2 இராஜாக்கள் 20-இல், சாகப்போகிறாய் என்றதும் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுது 15 வருடம் கூடுதலாக வாங்கியவர். அதே அதிகாரத்தில், உன் பிள்ளைகளைப் பாபிலோனுக்குக் கொண்டுபோவார்கள் என்று தீர்க்கதரிசி ஏசாயா சொல்கிறார். நல்லது, என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே என்று பதில். இந்தத் தடவை சுவர் பக்கம் திரும்பவில்லை.

தாவீது கடைசியில் திருந்தினாரா?

தனக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோம் செத்த செய்தி வந்தபோது, ‘நான் உனக்குப் பதிலாகச் செத்தேனானால் நலமாயிருக்கும்’ என்று கதறினார். யூதா சொன்ன அதே ‘பதிலாக’. யூதா சொன்னபோது பென்யமீன் உயிரோடு இருந்தான். அப்சலோம் கர்வாலி மரத்திலிருந்து இறக்கப்பட்டுக் குழியில் கிடந்தான். தாவீதுக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட படை, தோற்றவர்களைப்போலத் திருட்டுத்தனமாக ஊருக்குள் நுழைந்தது. படைத்தலைவன் யோவாப் வந்து, நாங்கள் எல்லாரும் செத்து அவன் பிழைத்திருந்தால் உமக்குச் சந்தோஷமாயிருக்கும் என்று முகத்துக்கு நேரே சொன்னான். கொன்றவனே அவன்தான், ஆனால் சொன்னதில் நியாயம் இருந்தது.

பிறகு ஜனத்தொகை எடுத்ததற்காகக் கொள்ளைநோய் வந்து 70,000 பேர் செத்தார்கள். அப்போது, பாவம் செய்தது நான், இந்த ஆடுகள் என்ன செய்தது, உம்முடைய கை எனக்கு விரோதமாயிருக்கட்டும் என்று முன்னால் வந்து நின்றார். நாத்தானின் ஆட்டுக்குட்டி அவருக்கு மறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பலிபீடம் கட்ட இடம் கேட்டதற்கு அர்வனா என்பவன் தன் களத்தை இலவசமாகத் தருகிறேன் என்றபோது மறுத்து, 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். எடுத்துப் பழகிய கை இப்போது காசு எண்ணிக் கொடுத்தது.

2 சாமுவேல் அங்கே முடிகிறது. பக்கத்தைத் திருப்பினால் 1 இராஜாக்கள். மரணப்படுக்கையில் மகன் சாலொமோனைக் கூப்பிட்டு யோவாபின் கணக்கைத் தீர்க்கச் சொல்கிறார். அடுத்து சீமேயி. தாவீது அப்சலோமுக்குப் பயந்து ஓடிப்போகும்போது கல்லெறிந்து தூஷித்தவன். உன்னைக் கொல்லமாட்டேன் என்று தாவீது அவனுக்கு ஆணையிட்டிருந்தார், நான்தானே ஆணையிட்டேன் என்று அதையும் சாலொமோனிடம் நினைவுபடுத்துகிறார். ஆனாலும் அவனுடைய நரைமயிரை இரத்தத்துடன் பாதாளத்தில் இறங்கப்பண்ணு என்கிறார். அடுத்த வசனத்தில் தாவீது செத்துப்போகிறார்.